ஆணி இல்லாத முழங்கால்

கனமான அட்டையைக் கத்தரிக்கோல் கடிக்கும்போது எழும் 'கறக் கறக்' சத்தமும், மண்டரின் பழப் பெட்டியிலிருந்து வெட்டியெடுத்த அந்த அட்டையில் மிச்சமிருந்த பழத்தோல் வாசனையும்தான் என் மூன்றாம் வகுப்புக் குளிர்காலத்தில் முதலில் நினைவுக்கு வருபவை. உடம்பு எப்படி அசைகிறது என்று படிப்பிக்க எங்கள் வகுப்பு ஆசிரியை, நாங்கள் 'மயெஸ்திரா' என்று கூப்பிட்டவர், ஆளுக்கோர் அட்டை மனிதனைச் செய்ய வைத்தார். கை, தொடை, கெண்டைக்கால், பாதம் என்று தனித்தனியாக வெட்டி, மூட்டு வரும் இடங்களில் துளையிட்டு, பின்பக்கம் இரண்டாகப் பிரிந்து மடியும் சின்னப் பித்தளை ஆணிகளால் பொருத்தினோம். ஒருவர் பொம்மையைக் குந்த வைத்தால் மற்றவர்களும் குந்த வேண்டும். அது ஓடினால் நாங்களும் ஓட வேண்டும்.

என்னுடையதை, நாங்கள் ஊர்விட்டு வந்து குடியேறிய துறைமுக நகரத்தின் போர்கோ வெக்கியோ பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது தங்கை ஜெனிக்காக. அவளுக்கு ஐந்து வயது. சில மாதங்களுக்கு முன் சந்தை ஒழுங்கையில் ஸ்கூட்டர் ஒன்று இடித்து, முழங்காலுக்குச் சற்று மேலே எலும்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் உலோகக் கம்பிகள் வைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். வீட்டில் நாங்கள் அதைக் 'காலுக்குள்ளை ஆணி' என்றோம். எலும்பு பொருந்தியதும் கம்பிகளை எடுத்தார்கள், கட்டையும் பிரித்தார்கள். ஆனால் ஜெனி காலை மடக்கவில்லை. சுவரைப் பிடித்தபடி அதை இழுத்து இழுத்து நடந்தாள். பயிற்சி கொடுக்க வந்த பெண் தொட்டாலே வீறிட்டாள். இப்படியே விட்டால் மூட்டு இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'சிஞ்ஞோரா' என்று அழைக்கும் முதலாளியம்மாவின் வீட்டில் நாள் முழுக்கத் துடைத்துக் கழுவிவிட்டு வரும் அம்மா, அவள் காலுக்கு எண்ணெய் பூசியபடி சத்தமில்லாமல் அழுவார். துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் அப்பா ஏசியும் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அம்மா கோழி வெட்டிக்கொண்டிருந்தார். பொம்மை ஜெனிக்குப் பிடித்துப்போயிற்று. அதன் காலை மடக்கி, நீட்டி, மடக்கி விளையாடினாள். துளை கிழிந்து ஆணி தெறித்தது. அட்டைக்கால் தரையில் விழுந்தது. ஜெனியின் முகம் வெளிறிப்போனது.

"பாருங்கோ அக்கா, ஆணி போனால் கால் விழும்! என்ரை ஆணியையும் கழட்டிப் போட்டினம்."

அம்மா கத்தியை வைத்துவிட்டு வந்தார். "ஆர் உனக்கு இப்பிடிச் சொன்னது?"

"நீங்கள்தானே அப்பாவுக்குப் போனிலை சொன்னனீங்கள், ஆணி எல்லாம் கழட்டியாச்சு எண்டு. மடக்கினால் கழண்டு விழுந்திடும்."

இத்தனை நாளாகப் பிடிவாதம் என்று நாங்கள் நினைத்தது இந்தப் பயத்தைத்தான். அம்மா சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. பலகையிலிருந்த கோழிக்காலை எடுத்துவந்து அவள் முன்னால் மடக்கி நீட்டினார்.

"இஞ்சை பார், இதுக்குள்ளை எங்கை ஆணி?"

ஜெனி விரலால் குத்திப் பார்த்தாள். மூட்டைச் சுற்றியிருந்த வெள்ளை நாரை அம்மா இழுத்துக் காட்டினார்.

"இதுதான் பிடிச்சு வைச்சிருக்கு. உனக்குள்ளையும் இருக்கு. உடைஞ்ச எலும்பு ஒட்டுமட்டும்தான் ஆணி தேவைப்பட்டது. இப்ப ஒட்டிட்டுது."

"அக்காவுக்கும் ஆணி இல்லையோ?"

அவள் கையை என் முழங்காலில் வைத்துக்கொண்டு குந்தி எழும்பினேன். ஜெனி என் முழங்காலை அழுத்திப் பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்தபடி காலைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம் மடக்கினாள்.

"நோகுது அம்மா."

"ஓம், நோகும். ஆனால் விழாது."

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும், கால் ஒட்டப்பட்ட பொம்மையை நான் ஒரு நிலையில் வைக்க, அவள் அதைப் போல் செய்தாள். அழுதுகொண்டே செய்த நாட்களும் உண்டு. பாஸ்காவுக்கு, உயிர்த்த ஞாயிறன்று, கோயில் படிகளை எதையும் பிடிக்காமல் ஏறினாள். அப்பா அவளுக்குப் பின்னால் கைகளை விரித்தபடியே ஏறினார்.

அந்த வீடு இப்போது உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் அறைகளாகிவிட்டது. பொம்மை எந்த வீடு மாறும்போது குப்பைக்குப் போனதோ தெரியாது. போன மாதம் நாப்பொலி நகரத்துக்குக் கப்பலேற வந்த ஜெனியிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"எனக்கு அப்பிடி ஒண்டும் ஞாபகமில்லை. சும்மா கதை விடாதேங்கோ அக்கா," என்றாள்.

கப்பல் ஊதியது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். எந்தக் கால் உடைந்தது என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை.