டெலிபோன் தெக்லாவின் சத்தியம்

தெக்லா ஹவ்ரிலுக்கைப் பற்றி யாராவது என் முன்னால் ஒரு வார்த்தை குறைவாகப் பேசினால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றிலிருந்து இருபத்தாறு வருஷம், கனடாவில் எங்கள் ரோஸ்தோக் ஊரின் டெலிபோனே அவள்தான். தபாலாபீசின் பின்னறையில் எல்லா வீட்டுக் கம்பியும் வந்து சேரும் போர்டு இருந்தது. வீட்டில் நாம் கைப்பிடியைச் சுற்றினால் அவள் குரல் வரும். யார் வேண்டுமென்று சொன்னால் அந்த வீட்டுக்குப் பிளக்கைச் செருகுவாள். காதில் விழுந்த எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தவள். ஒரே கம்பியில் பத்து வீடு தொங்கிய காலம் அது, ஒரு வீட்டுப் பேச்சை மற்ற வீடுகளிலும் கேட்கலாம். ஒட்டுக்கேட்டவர்கள் ஊரெல்லாம் தண்டோரா போட்டார்கள். தெக்லா மூச்சு விடவில்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் லோரிமரைக் கூப்பிட்டால் காசு, தெக்லாவைக் கேட்டால் காசில்லை. அதனால் முதலில் அவளைத்தான் கேட்பார்கள். "தெக்லாக்கா, பையன் ரெண்டு நாளா சாப்பிடல. இதுக்கு டாக்டர் வேணுமா?"

"எனக்கென்ன தெரியும், நான் பிளக் சொருகறவ. போடட்டுமா?" என்பாள் எப்போதும்.

பாதிப் பேர், "வேணாம், ரெண்டு நாள் பாக்கலாம்" என்று வைத்துவிடுவார்கள்.

அறுபத்திரண்டு ஜூலையில் எங்கள் சஸ்காச்சுவான் மாகாண அரசு, எல்லோருக்கும் வைத்தியச் செலவை இனி தானே கொடுக்கும் என்று சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து மாகாணம் முழுக்க டாக்டர்கள் கதவைச் சாத்தினார்கள், லோரிமரும்தான். ஊர் இரண்டாகப் பிரிந்தது. நான் டாக்டர் கட்சி. தானியக் கிடங்கில் என்னிடம் கோதுமை எடைபோட வந்தவனையெல்லாம் மறித்து, "உன் வயித்துவலிக்கு நான் எதுக்குய்யா வரி கட்டணும்?" என்று வம்பிழுப்பேன். தெக்லா எதிர்க்கட்சி. இங்கிலாந்திலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்து ஊரே ஒரு கிளினிக் நடத்தட்டும் என்றார்கள் அவர்கள். அதை முடிவுசெய்ய ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் கூட்டம் கூடியது.

நானும் என் மனைவி பவ்லினாவும் மகள் கலினாவும் இடது ஓரத்தில் உட்கார்ந்தோம். கலினாவுக்கு இடது காது கேட்காது. நல்ல காது மேடைப் பக்கம் இருக்க வேண்டும் என்று எங்கே போனாலும் அப்படித்தான் உட்காருவோம். அவளுக்கு ஞானத்தாயே தெக்லாதான். ஆனாலும் பதினோரு வருஷமாகப் பவ்லினா அவளோடு பேசுவதில்லை, எதிரே வந்தால் தெருவைத் தாண்டிப் போய்விடுவாள். மகள் காது போனதற்குத் தெக்லாதான் காரணம் என்பது அவள் எண்ணம்.

லோரிமர் எழுந்தார். நல்ல மனுஷர், அதில் சந்தேகமில்லை.

"இருபது வருஷத்துல, கூப்பிட்டு நான் வராத ஒரு வீட்டைச் சொல்லுங்க. பனியில வண்டி புதைஞ்சு நடந்து வந்திருக்கேன். காசில்லாதவங்க கோழி குடுத்தாங்க. அதுவும் இல்லாதவங்ககிட்ட நான் வாயே திறக்கல. எனக்கும் என் நோயாளிக்கும் நடுவுல அரசாங்க குமாஸ்தா ஒருத்தன் எதுக்கு?"

கை வலிக்கத் தட்டினேன். அவர்கள் கட்சிக்காரன் பெட்ரோவுக்கு முகம் செத்துவிட்டது. "தெக்லாக்கா, ஊர்க்கதையெல்லாம் உன் காதுலதான விழுது. நாலு பேரைச் சொல்லு போதும், ஓட்டு நம்மளுது" என்று எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னான்.

தெக்லா எழுந்தாள். "டாக்டர் சொன்னது நெசம். கூப்பிட்டு அவர் வராம இருந்ததில்ல. எல்லாமே நான் போட்டுக் குடுத்த போன்தான்" என்றாள். எங்கள் பக்கம் விசில் பறந்தது. அது அடங்கும்வரை நின்றாள்.

"ஆனா அவரைக் கூப்பிடாம என்கிட்டயே கேட்டுட்டு வச்ச போன் எத்தனைன்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இருபத்தோரு வருஷமா அதைச் சுமக்கறேன், இனிமே முடியல. அதுக்குத்தான் கிளினிக் கேக்கறேன். யாருன்னு சொல்ல மாட்டேன், சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்க யாரும் பண்ணலயே."

உட்கார்ந்துவிட்டாள். பெட்ரோ தலையில் கைவைத்துக்கொண்டான். அவள் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. அது எனக்குத் தாங்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"நான் கேட்டிருக்கேன்" என்றேன். "ஐம்பத்தொண்ணு மார்ச்சுல. பவ்லினா அவங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தா. கலினாவுக்கு மூணு வயசு, காது வலின்னு சுவத்துல தலையை முட்டிக்கிட்டா. தெக்லாக்கா அன்னிக்கு 'போடட்டுமா'ன்னு கேக்கல. 'போடறேன் நெஸ்டரு, இப்பவே போடறேன்'னா. நான்தான் வேணாம்னு வச்சேன். பவ்லினா வந்து கேட்டப்ப, எண்ணெய் விட்டாப் போதும், டாக்டர் வேணாம்னு தெக்லாதான் சொன்னான்னேன். அது பொய்."

பவ்லினாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெக்லாவின் பழி அன்றே தீர்ந்திருக்கும். சத்தியத்துக்காகப் பதினோரு வருஷம் அந்தப் பழியைச் சுமந்தாள், ஞானமகளை வாசலிலிருந்தே பார்த்துவிட்டுப் போனாள். நாலு டாலர் செலவுக்குப் பயந்தவன் நான். இப்படி ஒருத்தி எங்கள் ஊர்க்காரி என்று சொல்லிக்கொள்ள இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

"ஏன் என்னைக் கூப்பிடல, நெஸ்டர்? காசு கேட்டிருக்க மாட்டேனே" என்றார் லோரிமர். நிஜமாகவே மனம் நொந்து கேட்டார்.

"தெரியும் டாக்டர். அதான் கூப்பிடல. உங்க தயவை எத்தனை தடவை வாங்கறது?"

பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து, "நானும் கேட்டிருக்கேன்" என்றார். பிறகு ஒரு பெண். பிறகு பெட்ரோவே. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பவ்லினா என் முகத்தைப் பார்க்கவில்லை. கலினாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஹாலைக் குறுக்கே கடந்து தெக்லாவிடம் போனாள்.

"அக்கா, கொஞ்சம் நகந்து உக்காரு" என்றாள்.

கிளினிக்குக்கு ஓட்டு எண்பத்துமூன்று, வேண்டாமென்று ஐம்பத்திரண்டு. அந்த எண்பத்துமூன்றில் ஒரு கை என்னுடையது. ஆகஸ்டில் பழைய பால்பண்ணைக் கட்டிடத்தில் கிளினிக் திறந்தார்கள். செப்டம்பரில் கிடங்கில் தானியம் தூக்கும் வாளியின் தகடு என் உள்ளங்கையைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு போனை எடுத்தேன். பழக்கம் விடுமா?

"தெக்லாக்கா, கையில கொஞ்சம் கிழிஞ்சிருச்சு. இதுக்கு டாக்டர்..."

நான் முடிக்கவில்லை. அதற்குள் கிளினிக்கில் போன் மணி அடித்துக்கொண்டிருந்தது.