வடைக்குப் பிந்திய புரட்சி

சனத்தைக் கூட்டுவது லேசு. கடைசிவரை இருத்தி வைப்பதுதான் தொழில். நான் ஊரில் நாற்பது வருடம் கூட்டம் நடத்தியவன். துண்டுப் பிரசுரங்கள்தான் என் பள்ளிக்கூடம். கட்சி மூன்றாக உடைந்தபோதும் நின்ற இடத்தில் நின்றேன்; மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்காதீர்கள். இப்போது புலம்பெயர்ந்து வந்த நாட்டில், பென்டில் ஹில் முதியோர் சங்கத்தில் மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் பழைய படம் காட்டுகிறேன். எப்போதாவது கூட்டம் நடத்திப் பார்த்தவர்களே, உங்களுக்கு என் வலி விளங்கும்.

இன்னும் சாகாத அரசன்

என் உயிர் ஒரு படத்தில் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம். பேச்சு பிரெஞ்சு, அடியில் ஆங்கில எழுத்து. அதை வாசித்து வாசித்து நான் ஒலிவாங்கியில் தமிழில் சொல்லுவேன். மூன்று முறை போட்டுவிட்டேன். இடைவேளையில் வடையும் தேத்தண்ணியும் கொடுப்போம். வாயைத் துடைத்ததும் சனம் வீட்டுக்குப் போய்விடும். அரசனின் தலை விழுந்ததை எங்கள் சங்கத்தில் ஒருவரும் கண்டதில்லை.

நாலாம் முறைக்கு அனுமதி கேட்டுச் செயலாளர் வெங்கட்டிடம் போனேன். சென்னைக்காரர், ஓய்வுபெற்ற எஞ்சினியர். இந்த முறையும் ஆட்கள் எழுந்து போனால் என் ஞாயிற்றை லைன் டான்ஸுக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். சரித்திரம் யாருக்காகவும் காத்திராது என்று நான் முழங்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு தடவை போட்டீங்க சார். ராஜா இன்னும் சௌக்கியமாத்தான் இருக்கார்."

பிரசுரத்தில் இல்லாத பதில்

விடுவேனா? படத்தை எடுத்தவர்களைப் பற்றி நாலு பக்கத்தில் ஒரு பிரசுரம் எழுதி, படத்துக்கு முன்னால் வாசித்தேன். இயக்குநர் நடிகர்களை நம்பாமல் ஆலைத் தொழிலாளர்களையே திரட்டி வந்ததையும், நாள்கணக்காக மழையில் நின்று ஊர்வலக் காட்சிகளை எடுத்ததையும் உருக்கமாகச் சொல்லிவிட்டு, "கேள்விகள் உண்டா?" என்றேன்.

குசினிப் பொறுப்பாளர் பூமணி அக்கா கையை உயர்த்தினார். எழுபத்திரண்டு வயதான என்னைத் தம்பி என்று கூப்பிட இந்த நாட்டில் மிச்சமிருக்கும் ஒரே ஆள். "அது சரி தம்பி, அத்தனை சனத்துக்கும் ஆர் சமைச்சது?"

திறப்பு

அன்று நான் ஒரு முடிவோடு வந்திருந்தேன்: தலை விழுந்த பிறகுதான் வடை. குசினியைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இடைவேளை விடவில்லை. திரையில் பசித்த சனம் அரண்மனை வாசலில் பாணுக்கு, ஒரு துண்டு ரொட்டிக்கு, கத்தியது. நாற்பது வருடக் குரலை அவிழ்த்துவிட்டேன். "பசித்தவன் முன்னால் எந்தப் பூட்டும் நிலைக்காது! எழுந்திருங்கள்!"

எழுந்தார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் சொல்லி ஒரு கூட்டம் எழுந்தது. கதிரைகள் இழுபட்டன. பூமணி அக்கா முன்னே, கைத்தடிகள் பின்னே, எல்லாம் குசினிப் பக்கமாக. நான் ஓடிப்போய்க் கதவை மறித்துக் கையை விரித்தேன். "கலைஞ்சு போங்கோ! ஒழுங்காப் போய் இருங்கோ!" இத்தனை வருடமும் பொலிஸ்காரர் எனக்குச் சொன்னதை, ஒரு சொல் பிசகாமல் நானே சொன்னேன். திரையில் காவல் தளபதியும் கையை விரித்து நின்றான். அக்கா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை நீட்டினார். "திறப்பைத் தா தம்பி. அவனும் நேரத்துக்குக் குடுத்திருந்தால் அங்க இவ்வளவு பிரச்சினை வந்திருக்காது."

கொடுத்தேன். வடைத் தட்டுகள் மண்டபத்துக்கே வந்தன. கொடுக்க மறுத்தவனுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க, மடியில் தட்டோடு எல்லோரும் திரும்பக் கதிரைகளில் இருந்தார்கள். அரசனின் தலை விழுந்தது. ஒருவரும் அசையவில்லை. கடைசி வரிசையிலிருந்து வெங்கட் எழுந்து வந்தார். "அடுத்த மாசமும் நீங்களே போடுங்க சார். சாவி மட்டும் பூமணி அம்மாகிட்டயே இருக்கட்டும்."

நாற்பது வருடம் புரட்சிக்கு ஆள் திரட்டிய நான் கண்ணால் கண்ட ஒரே புரட்சி, எனக்கு எதிராக நடந்து வென்ற இதுதான்.