வாசலில் வைத்த மருந்துத் தட்டு

எனக்கு உட்கார்ந்து யோசிக்கிற பழக்கம் கிடையாது. மனசு சரியில்லை என்றால் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். அந்த வாரம் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டேதான் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் சேந்தமங்கலம் போகிற வழியில் ஒரு கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். பண்ணைக்குள் நுழைகிறவர் முதலாளியே ஆனாலும் வாசலில் உள்ள மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். செருப்போடு வருகிற கிருமி அதில் செத்துவிடும். பக்கத்து மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்ததிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு சாயங்காலம் அதே மருந்தை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தார். அகலமான பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் சாக்கை மடித்துப் போட்டு, மருந்தை ஊற்றி, எங்கள் வாசற்படியை ஒட்டி வைத்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது வீடா, பண்ணையா என்று கேட்டேன். இங்கிருந்து பண்ணைக்கு ஒரு பொட்டுக் கிருமி போனாலும் ஷெட்டோடு கோழிகள் போய்விடும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமானது. கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளையும் மிதிக்க வைத்துத்தான் உள்ளே விட்டார்.

வீட்டில் ஒரு சாம்பல் நிறப் பூனை இருக்கிறது. பெயர் வைக்கவில்லை, சாமி என்று கூப்பிட்டால் வரும். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு பகலெல்லாம் நான் பேசுவது அதனோடுதான். இவர் அதைத் தொட்டதில்லை. பண்ணை ஆளுக்குப் பூனை ஆகாது என்பார். என்னைப் போலவே அதுவும் ஓர் இடத்தில் இருக்காது. உள்ளே வரும், வெளியே போகும், மறுபடி வரும். நாங்கள் செருப்புக் காலோடு மிதித்ததை அது வெறுங்காலோடு மிதித்தது. மிதித்துவிட்டு வந்து ஃபிரிட்ஜ் ஓரமாக உட்கார்ந்து, பாதங்களை நக்கிச் சுத்தம் செய்தது. பூனை எப்போதும் செய்வதுதானே. எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் பூனை பாலைத் தொடவில்லை. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. எலியைக் கிலியைத் தின்றிருக்கும் என்று சொல்லிவிட்டு இவர் வேலைக்குப் போய்விட்டார். மத்தியானம் மெதுவாக வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கு தோல் உரிந்து ரத்தச் சிவப்பாக இருந்தது. ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி, ஸ்கூட்டரில் நாமக்கல் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் முட்டை வண்டிகள். எல்லா வண்டி மேலும் கோபம் வந்தது. கூடைக்குள் கத்தினால் பயம். கத்தாவிட்டால் அதைவிடப் பயம்.

டாக்டரம்மா நாக்கைப் பார்த்தார். பிறகு பாதத்தைத் திருப்பி விரலிடுக்கைப் பார்த்தார். அங்கேயும் சிவந்திருந்தது. தரை துடைக்க என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். வெறும் சோப்புத் தூள் என்றேன். காலில் வேறு ஏதாவது படுமா என்றார். தட்டைப் பற்றிச் சொன்னேன்.

"அதானுங்கம்மா. நாம மிதிச்சுட்டுப் போயிருவோம். அது நக்கி முழுங்கிருது."

பாதங்களைக் கழுவி ஊசி போட்டார். புண் ஆறிவிடும், ஆனால் வலியில் தின்னாமலே கிடந்தால் பூனை தாங்காது என்றார். சாப்பாட்டைக் கரைத்து சிரிஞ்சில் ஊட்டுங்கள், அது தானாக வாய் வைத்துவிட்டால் பயமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

திட்டுவதற்கு வழிநெடுக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். சாயங்காலம் அவர் வந்து நின்றபோது ஒன்றுதான் வாயில் வந்தது.

"இது போயிருச்சுன்னா உங்ககூட என்னால பேச முடியாதுங்க."

அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். வாசற்படியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினார். அன்றிலிருந்து பண்ணைச் செருப்பு பண்ணையிலேயே கிடந்தது.

ஊட்டுவது பெரும்பாடு. சிரிஞ்சைக் கண்டாலே தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளும். நான் ஊட்டியதில் பாதி கீழே போனது. கடைசியில் அவர்தான் துண்டில் சுற்றிப் பிடித்தார். கோழிகளைப் பிடித்துப் பிடித்துப் பழகிய கை, வலிக்காமல் பிடித்தது. ஆனாலும் உள்ளே போனதை அது துப்பியது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. நான் நடந்தேன். உட்காரச் சொன்னார், அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

ஒரு விடிகாலை, அவித்த முட்டையின் மஞ்சள் கருவை வெந்நீரில் குழைத்து, விரல் நுனியில் எடுத்துக்கொண்டு டிரம் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பூனை வெளியே வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு நாக்கை நீட்டியது. அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வந்தேன் புள்ள. அது போதுமா?"

"போதுமுங்க," என்றேன்.

கையை மறுபடி நீட்டினார். அது நக்கியது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை, கையை எடுத்தால் அது ஓடிவிடும் என்று பயந்தார். நான் சத்தம் போடாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.