பத்துக்கு ஆறு

ஏற்றம் வந்ததும் திம்மப்பன் சைக்கிளிலிருந்து இறங்கிவிடுவார். கைப்பிடியில் சணலால் கட்டிய அட்டையில் அன்றைக்கென்று ஒரு பக்கம் ஆங்கில உரைநடை இருக்கும். தள்ளிக்கொண்டே படிப்பார். இறக்கத்தில் ஏறி உட்கார்ந்து, படித்ததை உரக்க ஒப்பிப்பார். ராகி மூட்டையோடு ஓசூர்ச் சந்தைக்கு வரும் வண்டிக்காரர்கள் முதலில் பயந்தார்கள். இப்போது, “மேஷ்ட்ரு பரீட்சைக்குப் படிக்கறாரு, ஒதுங்குப்பா” என்று மாட்டைத் தட்டி வழிவிடுகிறார்கள்.

வயது நாற்பத்தொன்று. பாகலூர்ச் சாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷமாகப் பொறுப்புத் தலைமையாசிரியர். தெலுங்கில் சண்டைக்கு வரும் தகப்பனுக்குத் தெலுங்கு, கன்னடத்தில் அழும் தாய்க்குக் கன்னடம், இன்ஸ்பெக்டருக்குத் தமிழ். ஊராரைச் சேர்த்துக் கிணறு வெட்டியவரும், அறுவடைக் காலத்திலும் வகுப்பு காலியாகாமல் பார்த்துக்கொண்டவரும் இவர்தான். ஆனால் இந்த 1958 ஜூனுக்குள் பி.ஏ. தேறாவிட்டால் அந்தப் பதவிக்கு ஒரு பட்டதாரியை அனுப்புவதாக உத்தரவு வந்திருக்கிறது. ஆங்கிலம் ஒன்றுதான் பாக்கி.

அவரிடம் படித்தவன் நான்; எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி. பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியபோது ஊரே வந்து பார்த்தது. திம்மப்பன் மட்டும் அதைப் பார்க்கவில்லை. “பழைய புஸ்தகமெல்லாம் எங்கப்பா?” என்று கேட்டு, சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

முதல் தடவை ஆங்கிலத்தில் நியாயமாகவே தோற்றார். போன வருஷம் நடந்தது வேறு. கட்டுரையை எழுதி முடித்து, ஒருமுறை படித்தார். சட்டைப்பையில் வழக்கமான சிவப்புப் பென்சில். ஓரத்தில் ‘பத்துக்கு ஆறு’ என்று மதிப்பெண் போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்துவிட்டார். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். விடைத்தாள் செல்லாது என்றாகிவிட்டது.

“இருவது வருஷத்துப் பழக்கம்பா. படிச்சா கை சும்மா இருக்குமா?” என்றார் என்னிடம்.

மனைவி கெம்பம்மா விடவில்லை. “போட்டதுதான் போட்டீங்க, பத்துக்குப் பத்து போட்டுக்கறதுக்கு என்னா? தாளுதான் எப்படியும் போச்சே.”

“அந்தப் பதிலுக்கு அவ்ளோதான் வரும்” என்றார் திம்மப்பன்.

இந்த மார்ச்சில் சேலத்தில் பரீட்சை. நான் அங்கே கல்லூரி ட்யூட்டர்; அவர் இருந்த அறைக்கே மேற்பார்வை விழுந்தது. அவர் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சட்டைப்பை காலியாக இருந்தது.

கால் மணி நேரம் மிச்சம் இருக்கும்போதே எழுதி முடித்துவிட்டார். முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். ஓரிடத்தில் புருவம் நெரிந்தது. ஒரு சொல்லை அடித்துத் திருத்தினார். பக்கத்தின் அடிக்கு வந்தபோது பேனா ஓரத்தை நோக்கி நகர்ந்து, ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. பேனாவை மூடி, மேசையின் அந்தக் கோடியில் வைத்தார். பிறகு வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டு, மணி அடிக்கும்வரை இடது கையாலேயே பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தார்.