பொம்மைப் படத்துக்கு ஒன்ஸ் மோர்

அம்மைப் படத்துக்கு மெட்டுப் போட்டவரே, என் அக்கா மகளின் இடது கண் போனதில் உங்களுக்குப் பங்கு உண்டு. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

சென்ற மாதம் கோவையில் உங்களுக்கு நடந்த பாராட்டு விழாவுக்கு நானும் வந்திருந்தேன். டிவி கார்ட்டூன்களில் பாட்டு தேவையா என்று ஓர் இளைஞர் எழுந்து கேட்டார். பாட்டு வந்ததும் கதை நின்றுபோகிறதே என்றார். நியாயமான கேள்வி. நீங்கள் சிரித்தீர்கள். "பாட்டு இல்லாவிட்டால் பொம்மைக்கு உயிரே கிடையாது. அந்தக் காலத்தில் அம்மைத் தடுப்பூசிக்காக அரசாங்கம் காட்டிய கார்ட்டூனுக்கு நான்தான் தமிழில் பாட்டுப் போட்டேன். அந்தப் பாட்டு ஊர் ஊராகக் குழந்தைகளைக் காப்பாற்றியது" என்றீர்கள். மண்டபம் கைதட்டியது. நான் தட்டவில்லை. எழுந்து கேட்கவும் இல்லை. வாய் வரைக்கும் வந்தது, நாக்கு எழவில்லை. ஏன் எழவில்லை என்பதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பெரியம்மை இருந்த காலம் அது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங்கில் இருந்தேன். நொய்யலுக்கு அந்தப் பக்கம் லைன் வீடுகளில் குடியிருந்தோம். அடுத்த வீட்டில் என் அக்கா. மாமா சாயப்பட்டறைக்குப் போவார். அக்கா வீட்டில் உட்கார்ந்தபடியே பனியனுக்குப் பிசிறு வெட்டிக் கொடுப்பாள். அவளுக்கு ஒரே மகள். அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயதுகூட ஆகவில்லை.

அம்மை குத்துகிறவர் பெட்டியோடு தெருமுனையில் தெரிந்தாலே எங்கள் லைனில் கதவுகள் சாத்திக்கொள்ளும். பிள்ளைகளைச் சாமான் அறையில் தள்ளிவிட்டு, "அவங்கெல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க" என்பார்கள். அம்மை என்றால் நோய் இல்லை, மாரியாத்தா வந்து விளையாடுகிறாள் என்பது அவர்கள் எண்ணம். விளையாட வருகிறவளை ஊசியைக் காட்டி விரட்டலாமா? அக்காவும் அப்படித்தான். நான் வாசகசாலையில் பேப்பர் படிக்கிறவன். தினமும் அவளிடம் மல்லுக்கு நின்றேன்.

"புள்ளைக்கு ஒரு ஊசிதானக்கா. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"மொதல்ல உன்ற வாய்க்கு ஒரு ஊசி குத்திட்டு வா சாமி. ஊரே நிம்மதியா இருக்கும்" என்றாள். பக்கத்தில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பேசி ஆகாது என்று தெரிந்தது. ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டும் அரசாங்க வண்டி ஒன்று இருந்தது. அம்மையைப் பற்றி ஒரு பொம்மைப் படம் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கோயம்புத்தூருக்கு நடையாய் நடந்து, அந்த வண்டியை எங்கள் லைனுக்கு வரவழைத்தேன். படம் என்றதும் அக்காவின் முகம் கொஞ்சம் இளகியது.

"படத்தப் பாக்கறேன். மனசுக்குப் பட்டுச்சுன்னா அங்கயே அம்மிணி கையக் காட்டறேன். படலீன்னா இந்தப் பேச்ச நீ விட்டுடோணும். சரியா?"

"சரிக்கா" என்றேன். அவள் சொன்னால் சொன்னதுதான். அக்கா மகளின் கை ஊசிக்கு நீளுமா நீளாதா என்பது அந்தப் படத்தில் வந்து நின்றது.

சலவைப் பட்டறைக்காரர்கள் துணி காயப்போடும் மைதானத்தில் திரை கட்டினோம். பொழுது இறங்கியதும் ஜனம் கூடிவிட்டது. வண்டிக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு, அம்மை குத்துகிறவரைப் பெட்டியோடு உட்கார வைத்தோம். படம் முடிந்ததும் விருப்பப்பட்டவர்கள் அவரிடம் போகலாம். அதுதான் ஏற்பாடு. என் கம்பெனி முதலாளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நம்ம பையன் கூட்டியாந்த வண்டிங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

படம் தொடங்கியது. வரைந்த ஊர், வரைந்த கிணறு, கூவப்போய் வழுக்கி விழும் ஒரு சேவல். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். பிறகு சந்துக்குள்ளிருந்து சிவப்புப் புள்ளிகள் கால் முளைத்து வரிசையாக வந்தன. ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்தன. ஒரு வீட்டுக்குள் நுழைந்தன. உள்ளே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மைதானம் அடங்கிவிட்டது. நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியிலிருந்த மகளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் மனசுக்குப் பட்டுவிட்டது. அந்த இடத்தில் கதை நேராக ஊசிக்குப் போயிருந்தால் அக்கா எழுந்து வந்திருப்பாள். இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

கதை நின்றது. உங்கள் பாட்டு வந்தது.

திரையில் மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண், கையில் வேப்பிலையோடு தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அதற்கு நீங்கள் போட்ட மெட்டு எங்கே எடுத்தது என்று உங்களுக்கே தெரியும். அம்மை கண்ட வீட்டில், ஆத்தாளைக் குளிர்விக்கப் பெண்கள் கூடிப் பாடுவார்களே, அந்த மெட்டு. எங்கள் ஊரில் அதைச் சும்மா யாரும் முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, ஜனங்களுக்குப் பழகிய மெட்டாக இருக்கட்டும் என்று எடுத்துப் போட்டுவிட்டீர்கள்.

பிறகு பின்னாலிருந்து விசில். "ஒன்ஸ் மோர்!" என்று ஒருவன் கத்தினான். நாடகமானாலும் டூரிங் டாக்கீஸானாலும், பிடித்த பாட்டுக்கு ஒன்ஸ் மோர் கேட்டு வாங்குவது எங்கள் ஆட்களுக்கு உரிமை மாதிரி. கொஞ்ச நேரத்தில் மைதானமே கத்தியது. ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் ஓடி வந்தார்.

"சார், பாட்டு இன்னும் முடியலீங்க. முடிவுலதான் விசயமே இருக்குதுங்க. முழுசா ஓடட்டுங்க, அப்பறமா வேணும்னா திருப்பிப் போட்டுக்கலாங்க."

நான் கூட்டத்தைப் பார்த்தேன். முதலாளியைப் பார்த்தேன். அவரும் தலையாட்டிச் சிரித்தார்.

"ஜனம் கேக்குதுல்லங்க. திருப்பிப் போடுங்க."

"சார்..."

"வண்டியக் கூட்டியாந்தது நானா நீங்களா? போடுங்கன்னா போடுங்க."

ரீலைப் பின்னால் சுற்றித் திரும்பப் போட்டார். மஞ்சள் சேலைக்காரி மறுபடி வந்தாள். இந்தத் தடவை பெண்கள் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். யாரோ கற்பூரம் கொண்டுவந்து திரைக்கு முன்னால் ஏற்றினார்கள். சலவைப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு அருள் வந்துவிட்டது. கூந்தல் அவிழ ஆடினாள். ஆட்டத்தில் கற்பூரம் தட்டி, திரையின் ஓரம் கருகியது. ஆபரேட்டர் மெஷினை அணைத்துவிட்டுப் பாய்ந்தார்.

"கவர்மெண்ட்டுத் துணிங்க! என்ற வேலை போயிருங்க! தள்ளுங்க தாயி, தள்ளுங்க!"

திரையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டார். படம் அத்தோடு சரி. ஜனங்கள் அந்த இடத்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கலைந்தார்கள். பெஞ்சுப் பக்கம் ஓர் ஆள் போகவில்லை. அம்மை குத்துகிறவர் என்னைப் பார்த்து, "ஏனுங்க, நான் பெட்டிய மூடட்டுங்களா?" என்றார்.

அக்காவைத் தேடிப் போனேன். அவள் கண் கலங்கி நின்றாள்.

"அக்கா, அம்மிணிய அந்தப் பெஞ்சுக்குக் கூட்டிட்டு வா."

"எதுக்கு? ஆத்தாளே வந்து தொட்டில்கிட்ட நின்னு பாடிட்டா. இனி ஊசி குத்துனா அவ மொகத்துல அடிச்ச மாதிரி ஆயிராதா?"

"அது வரைஞ்ச பொம்மைக்கா."

"கோயில்ல இருக்கறது மட்டும் என்னவாம்? நீதான் அவளக் கூட்டியாந்த. நீ நல்லா இருப்ப சாமி."

என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தாள். நான் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போயிருக்கலாம். அக்கா கத்தியிருப்பாள், நாலு அடி அடித்திருப்பாள், அவ்வளவுதான். அதற்குள் முதலாளி கூப்பிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீக்கடைக்குப் போனோம். அங்கேயும் என்னைத்தான் புகழ்ந்தார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷம் வெயில் ஏறியதும் லைனில் அம்மை கண்டது. அக்கா வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அடுப்பில் தாளிப்பது நின்றது. கம்பெனியிலிருந்து மெத்தென்ற கட்டிங் துணியாகப் பார்த்து எடுத்துப் போய்க் குழந்தைக்குக் கீழே விரிக்கக் கொடுத்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அவள் உடம்பில் விரல் வைக்க இடமில்லை. லைன் பெண்கள் கூடி ஆத்தாளைப் பாடினார்கள். என்ன பாட்டு என்று நினைக்கிறீர்கள்? உங்கள் பாட்டு. படத்தில் கேட்ட அதே வரிகள். பாதி வரைக்கும் பாடுவார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். அம்மையை ஒழிக்கப் போட்ட பாட்டை அம்மைக்குத் தாலாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே நின்று காதைப் பொத்திக்கொண்டேன்.

உயிர் தங்கியது. இடது கண் போய்விட்டது. முகம் முழுக்கத் தழும்பு. அக்கா யாரையும் குறை சொல்லவில்லை. "ஆத்தா கண்ண எடுத்துக்கிட்டு உசுர விட்டுட்டா" என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அதே வண்டி குண்டடத்துக்கு வருகிறது என்று தெரிந்து, பஸ் ஏறிப் போனேன். அங்கேயும் அதே இடத்தில் ஒன்ஸ் மோர் கேட்டுக் கத்தினார்கள். அங்கேயும் ஒன்றிரண்டு பெண்கள் கையெடுத்தார்கள். ஆபரேட்டர் காதில் வாங்கவில்லை. ஓட்டிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் முழுப் பாட்டையும் பார்த்தேன். கடைசி அடியில் மஞ்சள் சேலை வெள்ளைச் சேலையாகிறது. வேப்பிலை ஊசியாகிறது. ஆத்தாளாகத் தெரிந்தவள் நர்சாக நிற்கிறாள். தொட்டில் குழந்தை தானே கையை வெளியே நீட்டுகிறது. குண்டடத்துக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கும்பிட்ட பெண்களும் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். சிரித்த வாயோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போனார்கள்.

ஆபரேட்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அன்னைக்கே சொன்னனுங்களே சார்" என்றார்.

ஆக, நீங்கள் மேடையில் சொன்னது பொய் இல்லை. குண்டடத்தில் உங்கள் பாட்டு குழந்தைகளைக் காப்பாற்றியது. என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் அன்று மண்டபத்தில் என் நாக்கு எழவில்லை. என் பேரன் டிவி கார்ட்டூன் பார்க்கும்போது நானும் பக்கத்தில் உட்காருகிறேன். பாட்டு வந்ததும் எழுந்து ஆடுகிறான். என்ன கதை என்று கேட்டால் தெரியவில்லை என்கிறான். சில படங்களில் மட்டும் பாட்டு முடியும்போது கதையும் ஓர் அடி நகர்ந்திருக்கிறது. அதை ஒழுங்காகச் சொல்கிறான். பாட்டு நல்லதா கெட்டதா என்பது அந்த ஓர் அடியில்தான் இருக்கிறது. உங்கள் பாட்டில் அந்த அடி இருந்தது. ஆனால் அதைக் கடைசியில் கொண்டுபோய் ஒளித்து வைத்துவிட்டு, அதற்கு முன்னால் முழுக்க ஜனங்களைக் கும்பிட வைத்தீர்கள். நான் அதை அந்த அடிக்குப் போகவிடாமல் நிறுத்தினேன்.

அக்கா இப்போது இல்லை. அவள் மகள் முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறாள். ஒற்றைக் கண்ணால் ஊசியில் நூல் கோர்ப்பாள். கல்யாணப் பேச்சு வந்ததெல்லாம் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. பாட்டைத் திருப்பிப் போடச் சொன்னது நான் என்று இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரியாது. இதுவரை எழுதியதை நேற்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். மடியில் இருந்த பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் கத்தரியைக் கீழே வைத்தாள். "பரவால்லீங்க மாமா" என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"நீங்க செஞ்சத நீங்க எழுதிட்டீங்க. எல்லாரும் படிப்பாங்க. பாட்டுப் போட்ட அந்தாளு என்ன சொல்றாரு?" என்றாள். "மைக்குல காப்பாத்தினேன்னு சொன்னாருல்லங்க. இதுக்கும் மைக்குலயே சொல்லச் சொல்லுங்க. நான் வந்து முன்னால உக்காந்துக்கறேன்."

ஐயா, கேட்டுக்கொள்ளுங்கள். தபாலில் பதில் வேண்டாம். என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்துச் சமாதானம் சொல்லவும் வேண்டாம். அம்மை வீட்டு மெட்டை எடுத்தபோது, கேட்கிறவர்கள் கும்பிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால், பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று ஏன் யோசிக்கவில்லை? அதே மண்டபத்தில், அதே மேடையில், மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். முன்வரிசையில் அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.