எல்லார் பெயரும் பச்சை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். நிலாவாரை என்னும் மருந்து இலையை ஏற்றுமதி செய்யும் அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. அதன் குடோனில்தான் என் சித்தப்பா மூட்டை ஏற்றுகிறார். அலுவலகத்துக்கும் குடோனுக்கும் பொதுவாக ஓர் ஆப் கொண்டுவந்தார்கள். எந்தச் செய்தியையும் அதில்தான் போட வேண்டும். படித்தவர் பொத்தானை அழுத்தினால் அவர் பெயர் பச்சையாகும். அழுத்தாதவர் பெயர் சிவப்பிலேயே நிற்கும்; மேனேஜர் கூப்பிட்டு ஏசுவார். எல்லாரையும் இதற்குப் பழக்குவது என் பொறுப்பு.

அலுவலகத்தில் இருப்பவர்களே இரண்டு தடவை சொன்னால்தான் திறப்பார்கள். குடோன் ஆட்களோ செய்தி போன கொஞ்ச நேரத்தில் வரிசையாகப் பச்சையானார்கள். மேனேஜர் அதைக் காட்டியே மற்றவர்களைக் குத்திப் பேசுவார். சித்தப்பா பெயர் மாறும்போதெல்லாம் எனக்கு உள்ளூரப் பெருமை.

அன்று, மறுநாள் வருவதாக இருந்த பூச்சிமருந்து ஆட்கள் மதியமே வந்து ஒரு கண்டெய்னருக்குள் புகை போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் புகை இருக்கும்போது கதவைத் திறந்தால் உயிர் போகும். சாப்பிடப் போயிருந்த ஏற்றுக்காரர்களுக்கு இது தெரியாது. போதாததற்கு, அதே கண்டெய்னர் பெட்டியில் கிழிந்த மூட்டை ஒன்றை மாற்ற வேண்டும் என்று காலையில் சொல்லி வைத்திருந்தோம். பெட்டியின் எண்ணைப் போட்டு, திறக்கக் கூடாது என்று ஆப்பில் எழுதினேன். மளமளவென்று எல்லாம் பச்சை. சித்தப்பாவும்.

ஆப்பைப் பற்றி மேனேஜர் கேட்ட அறிக்கைக்கு அவர்களை ஒரு படம் எடுக்கலாம் என்று குடோனுக்கு நடந்தேன். வாசலில் வாட்ச்மேன் அண்ணாச்சி மடியில் பிளாஸ்டிக் தட்டு. தட்டு நிறைய போன்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் எல்லாரும் அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாதா படம் ஒட்டிய சித்தப்பாவின் போனும் அதில் கிடந்தது.

இதிலெல்லாம் பொத்தானை யார் அழுத்தியது என்று கேட்டேன்.

"நாந்தான் தம்பி. புள்ளைக ஏச்சு வாங்கக் கூடாதுல்லா?"

"என்ன எழுதியிருந்துன்னு பாத்தியளா அண்ணாச்சி?"

"அதை ஏன் நான் படிக்க? பச்சை வந்தாப் போதும்லா."

ஓடினேன். பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாளைக் காற்று பிய்த்துப் போயிருந்தது. சித்தப்பா பூட்டுக் கம்பியைத் தூக்கிவிட்டுக் கதவை இழுக்கக் கை வைத்திருந்தார். என் வாயில் சொல் வரவில்லை, வெறும் சத்தம்தான் வந்தது. அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இரண்டு பேரும் சிமெண்டுத் தரையில் விழுந்தோம்.

"ஏலே, கிறுக்கு பிடிச்சிட்டா ஒனக்கு?"

புகை என்று சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். சித்தப்பா எழுந்து முழங்கையைத் தட்டிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். நான் அந்தச் செய்தியைத் திறந்து என் போனை நீட்டினேன். எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும், தன் பெயர் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பச்சையாக இருந்த அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் உள்ள விழுந்து கெடந்தாலும் இது பச்சையாத்தான் இருக்கும், என்னலே?"

அவர் படிக்கத் தெரியாதவர் என்பதை அறிந்தே, எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

அண்ணாச்சி தட்டோடு பதறி ஓடி வந்தார். எல்லாரும் உடனே பார்த்ததைப் பாராட்டி மேனேஜர் ஏதோ அனுப்பியிருப்பார் போல, தட்டில் இருந்த போன்கள் ஒன்றாக ஒலித்தன. பழக்கத்தில் அண்ணாச்சியின் விரல் எழுந்தது. சித்தப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.