மம்சாபுரத்து வெள்ளைக்கல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. கல்லைத் தொடாமல், தள்ளி நின்றே அது என்ன கல் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அறையின் ஒரு கோடியில் கல், மறு கோடியில் லேசர். ஒளி பட்ட இடத்தில் ஊசிமுனை அளவு கல் ஆவியாகிப் பொறி தெறிக்கும். அந்த வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால் கல்லில் என்னென்ன தனிமங்கள் என்று தெரியும். பலமுறை சுட்டுக் கிடைத்த எண்களைக் கம்ப்யூட்டரில் போட்டால், புள்ளியியல் கணக்கு ஒரே வகைக் கற்களை ஒரு கூட்டமாகச் சேர்த்துவிடும்.

சொந்த ஊர் இராஜபாளையம். விடுமுறையில் மலையடிவாரத்தில் கல் சேர்க்கப் போனேன். மம்சாபுரத்தில் ஒரு விவசாயியின் தோட்டத்தை ஒட்டி வெள்ளைப் பாறை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. குவார்ட்ஸ் என்று நினைத்தேன். அவர் என்னைக் கிட்டவே விடவில்லை. குவாரிக்காரர்கள் அனுப்பினார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில், நாளைக்கு வந்தால் தானே உடைத்துத் தருவதாகச் சொன்னார். மறுநாள் சாக்குப்பையில் ஆறு துண்டுகள் தயாராக இருந்தன. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆய்வகத்தில் ஆறும் சுண்ணாம்புக்கல் கூட்டத்தில் போய் விழுந்தன. என் வழிகாட்டிப் பேராசிரியர் வரைபடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். லேபிளை மாற்றி ஒட்டிவிட்டாயா என்றார். நான் லென்ஸைச் சந்தேகப்பட்டேன், பிறகு புரோகிராமை. இரண்டு வாரம் தூக்கமில்லை. கடைசியில் ஒரு துண்டின்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டேன். நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புக்கல்லேதான்.

பொங்கல் விடுமுறையில் நேரே அந்த விவசாயியிடம் போய், தந்தது அந்தப் பாறையின் கல் இல்லையே என்றேன். அவர் முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

“அது காளவாசல்ல சுண்ணாம்பு சுட வச்சிருந்த கல்லு தாயி. எங்கல்லைக் குடுத்தா உள்ள என்ன இருக்குன்னு உங்க மிஷினு சொல்லிப்புடும். பொறவு எடம் எங்கையில இருக்குமா?”

கோபமாகத்தான் போயிருந்தேன். ஆனாலும் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, கைப்பிடி அளவு கல் எடுக்க விட்டார். ஆய்வகத்தில் சுட்டுப் பார்த்தேன், அது குவார்ட்ஸ்தான். விலைபோகாத சாதாரணக் கல் என்று அவருக்குக் கார்டு போட்டேன்.

அடுத்த வருடம் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு பேர் அந்தத் தோட்டத்தருகே பாறை வரைக்கும் சங்கிலி பிடித்து அளந்தார்களாம். விவசாயி பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்து, உங்கள் மகள் யாரிடம் சொன்னாள் என்று கேட்டாராம். நான் சொல்லவில்லை. ஆனால் கல் எடுத்த இடங்களின் பட்டியல் பேராசிரியரிடம் இருந்தது. அவர் யாரிடமாவது கொடுத்திருப்பாரோ? இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கேட்டபோது சிரித்தார், குவார்ட்ஸ் யாருக்கு வேண்டும் என்றார்.

அப்பா விசாரித்ததில், போன் கம்பம் நடுவதற்காக வந்தவர்கள் என்று தெரிந்தது. அவரே மம்சாபுரம் போய் அந்த விவசாயியிடம் சொன்னார். அவர் அப்பாவுக்கு மோர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கம்பம் ரோட்டுல தானய்யா நடுவாக? பாறையை எதுக்கு அளந்தாக?” என்றாராம்.

அப்பாவுக்கும் அது தெரியவில்லை.